நீலகிரிச் சரிவில் கேரட் தோட்டம்: மேல்மண் அரிப்பைத் தடுக்க முதலில் எதைச் செய்ய வேண்டும்?

குறிஞ்சிநிலத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கும் கேத்திக்கும் இடைப்பட்ட பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில், எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. இதுவரை மாமனார் பார்த்துவந்தார். இந்த ஆண்டு முதல் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்து அளந்து பார்த்ததில் சரிவு சராசரியாக 25 சதவீதம் இருக்கிறது. மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கு இன்னும் செங்குத்தானது. கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போடுகிறோம். பாத்திகள் எல்லாம் மேலிருந்து கீழாக, சரிவின் போக்கிலேயே எடுக்கப்பட்டவை. குறுக்கே எடுத்தால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்பதே இதற்கு மாமனார் சொல்லும் காரணம். அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் பாத்திகளுக்கு நடுவே விரல் ஆழத்துக்குச் சிற்றோடைகள் விழுகின்றன. மழை விட்டதும் கீழே உள்ள நடைபாதையில் கருமண் படிந்து கிடக்கிறது. மேல் பகுதியிலோ கருமண் போய், செம்மஞ்சள் நிற அடிமண் தெரியத் தொடங்கிவிட்டது. அங்கே விளையும் கேரட் குட்டையாகவும் பிளவுபட்டும் வருகிறது. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 4.8 என்றும், அங்ககக் கரிமம் 2.4 சதவீதம் என்றும், மணிச்சத்து குறைவு என்றும், சாம்பல்சத்து நடுத்தரம் என்றும் வந்திருக்கிறது.

மூன்று பேர் மூன்று விதமாக ஆலோசனை சொல்கிறார்கள். இயந்திரத்தை விட்டு நிலம் முழுவதையும் படிப்படியாக வெட்டிவிடச் சொல்கிறார் ஒருவர். அகழி வெட்டி மழைநீரைத் தோட்டத்திலேயே இறக்கச் சொல்கிறார் இன்னொருவர். பேசாமல் தேயிலை வைத்துவிடுங்கள் என்கிறார் மூன்றாமவர். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யக் கையில் பணமில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஓய்வுபெற்ற களப்பணியாளர்

ஐயா, நீங்கள் வரிசையைக் கேட்டது நல்லது. மலைநிலத்தில் பெரும்பாலானோர் படி வெட்டுவதில் தொடங்குகிறார்கள், தண்ணீர் எங்கே போகும் என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். நான் அதைத் தலைகீழாக்கச் சொல்வேன்.

முதலில் ஒரு கணக்கு. ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 2 லட்சம் லிட்டர். மண் ஏற்கெனவே நனைந்து ஊறியிருக்கும் ஐப்பசியில் அதில் பாதி ஓடினாலே, ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் உங்கள் பாத்தி இடைவெளிகள் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். மேலே இருப்பவருடைய நிலத்துத் தண்ணீரும் சேர்ந்து வந்தால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய மழைக்கு எந்தத் தோட்ட வரப்பும் தாங்காது என்பது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் வரும் வழக்கமான மழைக்குத் தாங்கும்படி நிச்சயமாக அமைக்க முடியும்.

ஆகவே முதலில் திட்டமிட வேண்டியவை இரண்டு. ஒன்று, தோட்டத்தின் மேல் எல்லையில் ஒரு திருப்பு வாய்க்கால். வெளித்தண்ணீர் உள்ளே நுழையும் முன்பே அதைப் பிடித்து, நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் மெல்லச் சாய்த்து, ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, ஓரத்தில் இறங்கும் வடிகால். அதைப் புல் பிடிக்கவைத்து, இடையிடையே கல் தடுப்புகள் கட்டி உறுதியாக்குங்கள். இந்த வடிகாலில் புல் வேர்பிடிக்க ஒரு பருவமாவது ஆகும். அது தயாராகும் முன் வாய்க்காலைத் திறந்துவிட்டால், தோட்டம் முழுவதும் பரவி ஓடிய தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து ஓடை பறித்துவிடும். அதனால் எந்த வாய்க்காலை வெட்டுவதற்கும் முன்பே வடிகாலில் புல்லை நட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, பாத்திகளைக் குறுக்கே திருப்புவது. உங்கள் மாமனார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மட்டமாக, தண்ணீர் போக வழியில்லாமல் எடுத்த குறுக்குப் பாத்தியில் கிழங்கு அழுகத்தான் செய்யும். அது மட்டுமல்ல, தாழ்வான ஓரிடத்தில் தண்ணீர் தேங்கி உடைத்துக்கொண்டால், கீழே உள்ள பாத்திகள் ஒவ்வொன்றாக உடைந்து, நேர்ப்பாத்தியைவிட அதிகச் சேதம் வரும். எனவே குறுக்குப் பாத்திக்கும் நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு கொடுத்து வடிகாலை நோக்கித் திருப்புங்கள். தண்ணீர் நடந்து போக வேண்டும், ஓடிப் போகக் கூடாது.

படி வெட்டுவதை நான் நான்காவதாகத்தான் வைப்பேன். 16 முதல் 33 சதவீதம் வரை சரிவுள்ள, ஆழமான மண்ணுக்குப் படித்தளம் பொருத்தமானது. உங்கள் நிலம் அந்த வரம்புக்குள் வருகிறது. மழை அதிகமுள்ள இந்த மாவட்டத்தில் படித்தளம் வெளிப்பக்கம் சாயாமல் மலைப்பக்கம், அதாவது உள்நோக்கி, இரண்டரை சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். மூன்று மீட்டர் அகலப் படியில் அது ஏழரை சென்டிமீட்டர். உள்ளோரத்தில் ஒரு சிறு வாய்க்கால் ஓடி வடிகாலில் சேர வேண்டும். உதகமண்டலத்தில் 1954ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தில் உள்நோக்கிச் சாய்ந்த படிகளை நேரில் பார்க்கலாம். ஒருமுறை போய்வருவது நல்லது.

உயரத்துக்கு எளிய சூத்திரம் உண்டு. படிச்சரிவை, அதாவது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைப்பட்ட சாய்முகத்தை, ஒன்றுக்கு ஒன்று என்ற சாய்வில் விட்டால், படியின் அகலத்தைச் சரிவுச் சதவீதத்தால் பெருக்கி, நூறிலிருந்து அந்தச் சதவீதத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். உங்கள் 25 சதவீதச் சரிவில் மூன்று மீட்டர் படிக்கு உயரம் ஒரு மீட்டர். அதில் பாதி வெட்டு, பாதி நிரவல்; எனவே உள்ளோரத்தில் அரை மீட்டர் ஆழத்துக்கு அடிமண் வெளியே வரும். இரண்டு மீட்டர் படி என்றால் உயரம் 67 சென்டிமீட்டர், வெட்டு 33 சென்டிமீட்டர். இரண்டிலும் நிலத்தில் நான்கில் ஒரு பங்கு படிச்சரிவுக்குப் போய்விடும். அதனால் அகலத்தைக் குறைத்தால் இடம் கூடுதலாக நட்டமாகாது, மேல்மண் சேதம் மட்டும் குறையும். மேல்மண் ஏற்கெனவே மெலிந்துவிட்ட உங்கள் நிலத்துக்கு நான் இரண்டு மீட்டரையே சொல்வேன்.

கீழிருந்து மேலாக வெட்டுங்கள். அப்போதுதான் மேலே உள்ள படிக்குரிய கருமண்ணை வழித்து, வெட்டி முடித்த கீழ்ப்படியின் மேல் பரப்ப முடியும். ஆட்களை வைத்துச் செய்தால் இது நடக்கும். அவசரமாக இயந்திரத்தை விட்டால் கருமண் அடியிலும் செம்மண் மேலேயும் போய்ச் சேரும். தவிரவும், நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரங்களைப் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

---

கோத்தகிரி கேரட்

அண்ணா, வணக்கம். பெரியவர் சொன்ன வாய்க்கால் வேலையெல்லாம் சரியானதுதான். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும். இந்த ஆண்டு மழைக்கே பணச்செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அது விதைக்கும் தேதியை மாற்றுவது.

கேரட்டில் மண் போவது இரண்டு நேரங்களில். விதைத்த முதல் ஐந்தாறு வாரங்களில் இலை மூடுவதில்லை. மாவாக உடைத்த மண் மழைக்கு நேராகக் கிடக்கிறது. பிறகு பிடுங்கும்போது பாத்தி முழுவதும் கிளறப்பட்டு மறுபடியும் வெறுமையாகிறது. நம் பக்கத்தில் கன மழை அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரை. ஜூலைக் கடைசியில் விதைத்தவர்கள் சரியாக நவம்பர் மழையில் பிடுங்குகிறார்கள். அக்டோபரில் விதைப்பவர்களின் நிலம் மழை முழுவதும் மொட்டையாக நிற்கிறது. ஆகஸ்டு பிற்பகுதியில் விதைத்தால் மழை வலுக்கும்போது இலை ஓரளவு மூடியிருக்கும், அறுவடை டிசம்பருக்குப் போகும். டிசம்பர் உறைபனி உருளையைக் கருக்குவது போலக் கேரட்டைக் கருக்குவதில்லை. விலை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் செங்குத்தான மேல் பங்கை ஐப்பசி, கார்த்திகையில் காய்கறிக்கு விடவே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே ஓட்ஸ் விதைத்துவிடுங்கள். மாட்டுக்கும் ஆகும், மண்ணையும் பிடிக்கும். பிறகு நீர்போகத்துக்கு (பாசனம் வைத்துப் பயிரிடும் பருவத்துக்கு) முன் மடக்கி உழுதுவிடலாம்.

மூடாக்கு போடச் சொல்லிப் பலரும் எழுதுவார்கள். விதைத்ததும் புல்லை மெல்லிதாகப் பரப்பினால் முளைப்பும் நன்றாக வரும், மண்ணும் தெறிக்காது. ஆனால் முளை வந்தபின் விலக்கிவிட வேண்டும். இந்த ஈரத்தில் மூடாக்குக்கு அடியில் நத்தை சேர்ந்து ஒரே இரவில் இளங்குருத்தை மேய்ந்துவிடும். சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. உருளைக்கு மூடாக்கை நீண்ட நாள் விடலாம்.

படி வெட்டினால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். காட்டு மாடு இறங்கும் வழி உங்கள் தோட்டத்தில் இருந்தால், அது படி விளிம்பை உடைத்துக்கொண்டுதான் போகும். அந்த வழியைக் கல் படியாகக் கட்டி விட்டுவிடுவதே மேல். மறித்தால் வேறு இடத்தில் உடைக்கும்.

---

மண்ணியல் மாணவி

வணக்கம். பரிசோதனை முடிவைப் பற்றியும், மேல் பகுதி ஏன் இப்படி ஆனது என்பதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அரிப்பும் இந்த எண்களும் தனித்தனிச் செய்திகள் அல்ல.

நீலகிரியின் உயர்பகுதி மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நிறைய உள்ளன. மழை மிகுந்த இடங்களில் கால்சியமும் மக்னீசியமும் நீண்ட காலமாகக் கரைந்து போய்விடுவதால் மண் அமிலமாகிறது. அதே நேரத்தில் குளிர்ச்சியால் மக்கு (மக்கிய இலைதழை) சிதைவது மெதுவாக நடப்பதால் மேல்மண்ணில் அங்ககப் பொருள் குவிகிறது. உங்களுக்கு வந்திருக்கும் 2.4 சதவீதக் கரிமத்தைச் சமவெளி உழவர் ஒருவர் பார்த்தால் பொறாமைப்படுவார்; அங்கே அரை சதவீதத்தை எட்டாத நிலங்கள் ஏராளம். ஆனால் மலை உச்சியில் உழாத புல்வெளி மண்ணோடு ஒப்பிட்டால் இது தேய்ந்துபோன எண்.

இந்த மக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. மண் துகள்களைச் சேர்த்துக் குருணைகளாக ஒட்டிவைக்கிறது. அப்படிக் குருணை கட்டிய மண்ணில் மழைநீர் விரைவாக இறங்கும், துளி விழும் அடியும் குருணையை எளிதில் உடைக்காது. இரண்டாவதாக, கரைந்து வேரைக் கெடுக்கக்கூடிய அலுமினியத்தை மக்கு பிடித்துக் கட்டிவைக்கிறது. அதனால்தான் கார அமில நிலை 4.8 இருந்தும் கருமண் உள்ள கீழ்ப்பகுதியில் உங்களுக்குக் கேரட் ஓரளவு வருகிறது. மேல் பகுதியில் மக்கோடு சேர்த்து மண் போய்விட்டதால், அதே அமில நிலையில் அலுமினியம் தடையில்லாமல் வேர் நுனியைத் தாக்குகிறது. குட்டையான கேரட்டுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அடிமண் இறுகியிருப்பதும் சரளைக்கல்லும் பிளவுக்குக் காரணமாகலாம். ஒரு குழி தோண்டி, அரை மீட்டர் ஆழம் வரை வேர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேல் பகுதி மண்ணைத் தனியாகவும் கீழ்ப்பகுதி மண்ணைத் தனியாகவும் எடுத்து மறுபரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டையும் கலந்து எடுத்த சராசரி எண் இந்த நிலத்துக்குப் பயன்படாது.

அரிக்கும் தண்ணீர் எல்லா மண்ணையும் சமமாக எடுப்பதில்லை. இலேசான மக்கும் நுண்ணிய களித்துகளும்தான் முதலில் போகின்றன, மணலும் சரளையும் தங்கிவிடுகின்றன. எனவே நடைபாதையில் படியும் அந்தக் கருமண், மீதமிருக்கும் மண்ணைவிடச் சத்து மிகுந்தது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனம் மண் போனால் அது சுமார் 4 கன மீட்டர். இந்தப் பகுதியின் இலேசான மண்ணிலும் ஏறக்குறைய நான்கு டன் வரை வரும். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததைக் கண்ணால் யாரும் காண முடியாது என்பதுதான் சிக்கல். இந்தியாவில் ஓர் எக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 16 டன்னுக்கு மேல் மண் போகிறது என்று 1983இல் கணக்கிட்டார்கள். நிலம் தாங்கக்கூடிய வரம்பாக இங்கே சொல்லப்படுவது, மண்ணின் ஆழத்தைப் பொறுத்து, 4.5 முதல் 11.2 டன் வரை.

இனிச் சுண்ணாம்பு. அமில மண்ணில் நீங்கள் இடும் மணிச்சத்தில் பெரும்பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கார அமில நிலை எண்ணைச் சற்றே உயர்த்தினால், அதாவது அமிலத்தைக் குறைத்தால், அதில் ஒரு பகுதி பயிருக்குக் கிடைக்கும். ஆனால் மக்கு மிகுந்த மண் மாற்றத்தை எதிர்த்து நிற்கும் தன்மையுடையது. ஒரே பருவத்தில் 4.8இலிருந்து 6.5க்குக் கொண்டுபோக முயன்றால் சுண்ணாம்புச் செலவு தாங்காது. அது தேவையுமில்லை. ஆய்வகத்தில் சுண்ணாம்புத் தேவையைத் தனியாகக் கணக்கிட்டுத் தரச்சொல்லி, அதைப் பல பருவங்களுக்குப் பிரித்து இடுங்கள். மக்னீசியமும் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) நல்லது. விதைப்புக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே இட்டு 15 சென்டிமீட்டர் ஆழம் வரை கலக்க வேண்டும். யூரியா, அமோனியம் சல்பேட் போன்றவற்றோடு சேர்த்து ஒரே நேரத்தில் இட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும்.

நீங்கள் உருளையும் போடுவதால் ஓர் எச்சரிக்கை. கார அமில நிலை எண் 5.5க்கு மேலே ஏறினால் உருளையில் சொறி நோய் கூடும். முட்டைக்கோசு போடுபவர்களுக்கு நிலைமை நேர்மாறு. அமில மண்ணில்தான் வேர்வீக்க நோய் அதிகம். எனவே சுண்ணாம்பு இட்ட பருவத்தில் கேரட், பீட்ரூட் போட்டு, உருளையைத் தள்ளிவையுங்கள்.

அமோனியம் சல்பேட் 100 கிலோ இட்டால் அது உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். ஒரு கையால் சுண்ணாம்பும் மறு கையால் அந்த உரமும் இடுவது வீண் செலவு.

---

கூடலூர் வாசி

மேலே எழுதியவர்கள் எல்லோரும் தண்ணீரை வெளியேற்றுவதைப் பற்றியே பேசுகிறார்கள். கோடையில் ஊற்றுகள் வற்றிப்போவதை யாரும் சொல்லவில்லை. சரிவுக்குக் குறுக்கே இடைவெளி விட்டு அகழிகள் வெட்டினால் ஓடும் நீர் நிற்கும், வண்டலும் அகழியிலேயே படியும். அதை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து மேலே போட்டுக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டங்களில் இது காலங்காலமாக இருக்கும் முறைதான். இவ்வளவு செலவு செய்து வாய்க்கால் கட்டித் தண்ணீரைக் கீழே அனுப்ப வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற களப்பணியாளர்

கூடலூர் நண்பருக்கு: தேயிலையில் அகழி வெட்டுவது உண்மை, பயனுள்ளதும்கூட. இலை முழுவதும் மூடிய பழைய தேயிலையில் ஓடும் நீர் குறைவு, வேர் ஆழம் அதிகம். காய்கறி நிலம் அப்படியல்ல. ஆழமான, களி கலந்த மண் உள்ள செங்குத்துச் சரிவில் அகழியில் தண்ணீரை நிறுத்தினால், அது கீழே இறங்கி மண்ணுக்கும் பாறைக்கும் இடையில் சேர்ந்து, மண்ணின் பாரத்தைக் கூட்டி, பிடிப்பைக் குறைக்கிறது. 1978 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகள் மண் தண்ணீரால் நிறைந்த நிலையில் நடந்தவை. அரிப்பைத் தடுக்கப் போய்ச் சரிவை வரவழைத்துவிடக் கூடாது.

நான் அகழியை முற்றாக மறுக்கவில்லை. சரிவு மிதமாகவும், நிலத்தில் வெடிப்போ சாய்ந்த மரங்களோ புதிய ஊற்றுக்கசிவோ இல்லாமலும் இருந்தால், ஆழம் குறைந்த சிறு அகழிகள் வெட்டலாம். அவற்றுக்கும் நிறைந்து வழிய ஒரு வழி இருக்க வேண்டும். மக்கைக் கூட்டி மண்ணை மூடிவைத்தால் தண்ணீர் நிலம் முழுவதும் பரவலாக இறங்கும். ஊற்றுக்கு அதுவே பாதுகாப்பான வழி.

---

குறிஞ்சிநிலத்தான்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இதைப் படித்தபின் நேற்று மழையில் தோட்டத்தைச் சுற்றிவந்தேன். மூன்று செய்திகளைச் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, மேலே போகும் சாலையின் சிறுபாலத் தண்ணீர் நேராக எங்கள் நிலத்தின் மேல் மூலையில் வந்து விழுகிறது. பெரிய சிற்றோடைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டு, நிலத்தின் கீழ்ப்பகுதியில் ஓரிடம் தை மாதம் வரை ஈரமாகவே இருக்கும் என்று மாமனார் சொல்கிறார். அங்கே கோரையும் முளைத்திருக்கிறது. மூன்று, மேல் பகுதிக்கு வெளியிலிருந்து மண் வாங்கிக் கொட்டலாமா? கட்டுமான வேலை நடக்கும் இடத்திலிருந்து லாரியில் தருவதாக ஒருவர் சொல்கிறார். கோழி எருவும் கூடவே கேட்டிருக்கிறேன்.

---

மண்ணியல் மாணவி

வெளிமண் வாங்காதீர்கள். முதல் காரணம், கட்டுமானத்தில் தோண்டி எடுப்பது பெரும்பாலும் அடிமண். உங்களிடம் ஏற்கெனவே வெளியே வந்து தொந்தரவு தரும் மண் அதுதான். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. உருளைக்கிழங்கைத் தாக்கும் பொன்னிற முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரியில்தான், 1961இல். அதன் முட்டைக்கூடுகள் பயிரே இல்லாமல் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அவை பரவுவது மண்ணோடுதான்: லாரி மண், இயந்திரத்தில் ஒட்டிய மண், விதைக்கிழங்கில் ஒட்டிய மண், மேல் நிலத்திலிருந்து அரித்து வரும் மண். அரிப்பைத் தடுப்பது நோய்த்தடுப்பும் ஆவது இப்படித்தான். மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போதே நூற்புழுப் பரிசோதனைக்கும் ஒரு மாதிரி கொடுத்துவிடுங்கள்.

நடைபாதையில் படியும் உங்கள் சொந்தக் கருமண்ணைக் கூடையில் அள்ளி மேல் பகுதிக்கே ஏற்றுவது நல்லது. கூலி ஆகும்தான், ஆனாலும் லாரி மண்ணைவிட மதிப்புள்ளது. அங்கே லூபின் விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்குங்கள்; அமில மண்ணைத் தாங்கி வளரும் அவரை இனம் அது.

கோழி எரு மக்காமல் இருந்தால் வேண்டாம். பச்சையாகக் கொட்டிய எரு முதல் பெருமழையில் பாதி ஓடையில் போய்ச் சேரும். கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மக்கவைத்து, விதைப்புக்கு முன் மண்ணில் கலந்து இடுங்கள்.

---

ஓய்வுபெற்ற களப்பணியாளர்

சிறுபாலம் பற்றிய செய்தி உங்கள் கேள்வியின் பாதியை மாற்றிவிட்டது. சாலைத் தண்ணீர் உங்கள் மழைத் தண்ணீர் அல்ல. அதை ஊராட்சிக்கோ சாலையைப் பராமரிக்கும் துறைக்கோ எழுத்தில் தெரிவித்து, பாலத்தின் வாயிலிருந்து ஓடை வரை கல் வடிகால் கேளுங்கள். மழையின்போது எடுத்த படங்களை இணைத்தால் பேச்சு குறையும். அவர்கள் செய்யும்வரை, தண்ணீர் விழும் இடத்தில் பெரிய கற்களைப் பரப்பி அதன் வேகத்தை அடக்குங்கள். தண்ணீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டிச்செல்லும் மண்ணின் அளவு பல மடங்காகும் என்பதால், வேகத்தைக் குறைப்பதே முதல் வெற்றி.

ஈரம் நிற்கும் அந்தக் கோரை இடத்துக்கு மேலே எக்காரணம் கொண்டும் அகழி வெட்டாதீர்கள். படியும் வெட்டாதீர்கள். நிலத்தின் உள்ளே தண்ணீர் ஏற்கெனவே அங்கே வந்து சேர்கிறது. சரிவின் அடிவாரத்தை வெட்டினால் மேலே உள்ளது இறங்கும். அந்த இடத்தில் கல் நிரப்பிய வடிகால் ஒன்று போட்டுத் தண்ணீரை வெளியே விடுங்கள். தீவனப் புல்லோ மரமோ வைத்து, அதைக் காய்கறியிலிருந்து விலக்கிவிடலாம்.

எனவே இந்த ஆண்டு: சாலைத் தண்ணீர், ஓர வடிகாலில் புல், மேல் பங்கில் ஓட்ஸ். அடுத்த ஆண்டு திருப்பு வாய்க்காலும் குறுக்குப் பாத்தியும். அதன்பின் ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்துவிட்டு, அப்போதும் மண் போகும் பகுதியில் மட்டும் படி வெட்டலாம். நிலம் முழுவதற்கும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். தேயிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். செடி மூடும்வரை புதுத் தேயிலை நிலத்திலும் மண் போகத்தான் செய்யும். பசுந்தேயிலை விலையையும் கணக்கில் கொண்டு, அதை அரிப்புக்கு மருந்தாக நினைக்காமல் தனி முடிவாக எடுங்கள்.

---

கோத்தகிரி கேரட்

வடிகாலுக்கு என்ன புல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிவேர் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். வேர் ஆழமாகப் போகும் நல்ல புல்தான், ஆனால் உறைபனி விழும் நம் உயரத்தில் குளிர்மாதங்களில் சுணங்கி நிற்கும். கிக்கியூ புல் இங்கே கேட்காமலேயே வருகிறது. வடிகாலின் அடியில் அதைப் போலப் பாய் விரித்தாற்போல் பிடிப்பது வேறில்லை. ஆனால் அது காட்டுக்குள்ளும் பாத்திக்குள்ளும் ஓடிவிடும். ஆகவே வடிகாலின் அடியில் மட்டும் அதை வைத்து, இரண்டு பக்கமும் கம்பு நேப்பியர் வரிசை நட்டு, மாதம் ஒருமுறை விளிம்பில் மண்வெட்டியால் வெட்டி விடுங்கள். சோலைக்கோ புல்வெளிக்கோ பக்கத்தில் நிலம் இருந்தால் கிக்கியூவை அறவே தவிர்த்துவிடுங்கள்.

கல் தடுப்புக்கு உருண்டைக் கல் ஆகாது. உடைத்த கல்லை, பெரியதை அடியில் புதைத்துக் கட்ட வேண்டும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பக்கத்தைக் குடைந்துகொண்டு போய்விடும். மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பில் தண்ணீர் வழியும் மட்டமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும்படி இடைவெளி விடுங்கள். உங்கள் சரிவில் முழங்கால் உயரத் தடுப்பு என்றால் இரண்டு மீட்டருக்கு ஒன்று வரும்.